ஸ்காட்லாந்து – ஜெர்மன் மெய்யியல் உறவும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அதன் ஏற்பும்: ஹாக், இராதாகிருஷ்ணன் எழுத்துகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மெய்யியலாளர்களின் நூல்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டன. அவற்றுக்கு எழுதப்பட்ட மறுமொழிகளிலிருந்து ஜெர்மன் மெய்யியலின் புதிய போக்கு உருவாயிற்று. அடுத்த நூற்றாண்டில் அம்மறுமொழிகள் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி, அங்கிருந்து கல்விப்பணிக்கு வந்தோர் வழியாகச் சென்னையை அடைந்தன. 1903 முதல் 1911 வரையிலான காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக், அவருடைய மாணவர் ச. இராதாகிருஷ்ணன் ஆகியோர் எழுதியவற்றை இப்பின்னணியில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஜெர்மனியில் ஏற்பு மொழிபெயர்ப்பின் வழி நிகழ்ந்தது. சென்னையில் அது மொழிபெயர்ப்பின்றி நிகழ்ந்தது. இவ்வேறுபாடு தமிழ் மெய்யியல் உரைநடையைப் பாதித்த விதத்தைக் கட்டுரை சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்காட்லாந்து மெய்யியல், காண்ட், மொழிபெயர்ப்பு, ஏற்பு வரலாறு, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, ஏ.ஜி. ஹாக், இராதாகிருஷ்ணன், வினைக்கொள்கை.

முன்னுரை

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருத்தணியில் 1888ஆம் ஆண்டு பிறந்த ச. இராதாகிருஷ்ணன் திருப்பதியில் ஜெர்மானிய ஹெர்மான்ஸ்பர்க் லூத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஊரிஸ் கல்லூரியிலும் பயின்றபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியல் படித்தார். முதுகலைப் பட்டத்திற்காக அவர் எழுதிய 'வேதாந்த அறவியலும் அதன் மெய்ப்பொருளியல் முற்கோள்களும்' என்னும் ஆய்வேடு 1908இல் நூலாயிற்று. வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாக அதனை எழுதியதாக அவரே பின்னாளில் குறிப்பிட்டுள்ளார்.

இச்செய்தி பெரும்பாலும் இரண்டு வகையாக விளக்கப்படுகிறது. மிஷனரிகளின் தாக்குதலிலிருந்து இந்து சமயத்தைக் காத்த இளைஞரின் முயற்சி என்பது ஒருவகை விளக்கம். குடியேற்றக் கல்வி தந்த மேலைச் சட்டகத்துக்குள் இந்திய மரபை அடைத்த செயல் என்பது மற்றொரு வகை. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் 'மேலை மெய்யியல்' என்பதை ஒரே பொருளாகவும், அதை 'ஏற்பது' என்பதை ஒரே செயலாகவும் இரு விளக்கங்களுமே கொள்கின்றன. சென்னை வகுப்பறையை வந்தடைந்தது ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இரண்டு நாடுகளுக்கிடையே நடந்த விவாதம் ஆகும். அவ்விவாதத்தின் வழித்தடத்தை அறிந்தால்தான் மாணவர் அதனோடு எவ்வாறு உறவாடினார் என்பது விளங்கும்.

1. ஜெர்மன் மொழியில் ஸ்காட்லாந்து

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மன் அறிஞர்கள் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆதலால் ஸ்காட்லாந்துச் சிந்தனை அங்கு வேரூன்ற மொழிபெயர்ப்பே வாயிலாயிற்று. டேவிட் ஹியூமின் 'மனித அறிவு பற்றிய ஆய்வு' 1755இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. கிளாஸ்கோ பேராசிரியர் பிரான்சிஸ் ஹட்சசனின் அறவியல் நூலை 1756இல் லெசிங் பெயர்த்தார். ஆடம் ஃபெர்குசனின் குடிமைச் சமூக வரலாறு 1768இலும், ஆடம் ஸ்மித்தின் அறவுணர்வுகள் பற்றிய நூல் 1770இலும், ஜேம்ஸ் பீட்டியின் 'உண்மை பற்றிய கட்டுரை' 1772இலும், தாமஸ் ரீடின் மனித மனம் பற்றிய ஆய்வு 1782இலும் ஜெர்மன் வாசகரை அடைந்தன.

இம்மொழிபெயர்ப்பாளர்கள் பலர் தாமே சிந்தனையாளர்களாக விளங்கினர். ஃபெர்குசனின் அறவியல் நூலை 1772இல் பெயர்த்த கிறிஸ்டியான் கார்வே, மூலத்தோடு தம் விரிவான குறிப்புகளையும் சேர்த்தார். இளம் ஷில்லர் பயின்றது அந்தப் பதிப்பையே. அதே கார்வே எழுதி, ஃபேடர் சுருக்கித் திருத்திய மதிப்புரை 1782இல் கோட்டிங்கன் இதழில் வெளிவந்தது. அதில் காண்ட்டின் 'தூய அறிவின் திறனாய்வு' பார்க்லியின் கருத்துமுதல்வாதத்திற்கு நெருக்கமானதாக மதிப்பிடப்பட்டது. அதற்கு மறுப்பாகவும் அமைந்த நூலே காண்ட்டின் 'முன்னுரைகள்' (1783). ஹியூம்தான் தம்மை ஆராயாக் கொள்கைத் துயிலிலிருந்து எழுப்பினார் என்று காண்ட் ஒப்புக்கொண்டதும் இந்நூலில்தான்; ரீட், ஆஸ்வால்ட், பீட்டி ஆகியோர் ஹியூமின் வினாவையே புரிந்துகொள்ளாமல் பொதுப்புத்தியின் பக்கம் ஒதுங்கினர் என்று கடிந்ததும் இந்நூலில்தான்.

காண்ட் ஹியூமை எவ்வழியில் அறிந்தார் என்பதும் மொழிபெயர்ப்பு வரலாற்றின் பகுதியே. ஹியூமின் முதன்மை நூலான 'மனித இயல்பு பற்றிய பெருநூல்' 1790–92இல்தான் முழுமையாக ஜெர்மன் மொழியில் வெளியாயிற்று. ஆனால் அதன் முதற்பகுதியின் முடிவுரையை ஹாமான் 1771இலேயே பெயர்த்துக் கோனிக்ஸ்பெர்க் இதழொன்றில் பெயர் சுட்டாமல் வெளியிட்டிருந்தார். பீட்டியோ ஹியூமை மறுக்கும் நோக்கில் அவருடைய வாதங்களை எடுத்துக்காட்டியிருந்தார். அம்மறுப்பின் மொழிபெயர்ப்பே ஹியூமையும் ஜெர்மன் வாசகரிடம் கொண்டுசேர்த்தது. காண்ட் கடிந்துரைத்த பொதுப்புத்திப் பள்ளி டேட்டன்ஸ், ஃபேடர் முதலிய அவர் காலத்து அறிஞரிடையே ஆழ்ந்த செல்வாக்குப் பெற்றிருந்ததை மான்ஃபிரட் கூன் 1987இல் வெளிவந்த தம் ஆய்வில் நிறுவியுள்ளார்.

2. சொற்கள் பெற்ற புதுப்பொருள்

மொழிபெயர்ப்பில் கருத்துகள் உருமாறின. ஃபெர்குசனின் குடிமைச் சமூகம் என்னும் தொடர், அரசியல் செயற்பாட்டில் பங்குகொள்ளும் குடிமகனை முன்னிறுத்துவது. அதைப் பெயர்க்கக் கையாளப்பட்ட ஜெர்மன் சொல் குடிமகனையும் நகர்வாழ் நடுத்தட்டு மனிதனையும் ஒருசேரச் சுட்டக்கூடியது. ஃபெர்குசனின் செயல்முனைப்பு ஜெர்மன் வாசிப்பில் அகநிறைவு என்னும் திசைக்கு நகர்ந்ததை ஃபானியா ஓஸ்-சால்ஸ்பெர்கரின் 'அறிவொளியை மொழிபெயர்த்தல்' (1995) என்னும் நூல் விரிவாகக் காட்டுகிறது.

இதனினும் தொலைநோக்கு விளைவுடையது 'நம்பிக்கை' பற்றிய சொல். நாளை கதிரவன் எழும் என்பது போன்ற அன்றாட உறுதிப்பாட்டை ஹியூம் ஆங்கிலத்தில் குறித்த சொல், சமயப் பற்றுறுதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வேறானது. ஜெர்மன் மொழியிலோ இரண்டுக்கும் 'கிளௌபெ' என்னும் ஒரே சொல்லே உண்டு. ஹாமான் இதனைப் பயன்படுத்திக்கொண்டார்: அன்றாட அறிவே நம்பிக்கையின்மேல் நிற்கிறது என்று ஐயவாதி ஹியூம் சொல்லும்போது, இறைநம்பிக்கை மட்டும் எவ்வாறு அறிவுக்குப் புறம்பானதாகும்? யகோபி 1787இல் ஹியூமின் பெயரையே தலைப்பிலிட்டு நம்பிக்கை பற்றி ஒரு நூல் எழுதினார். சமயத்தை ஐயுற்ற ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஜெர்மனியில் சமயநம்பிக்கைக்குச் சான்றாளராக மாறினார். இதனை மொழிபெயர்ப்புப் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஒரு மொழியின் சொல்லமைப்பு புதிய வாதத்திற்கு இடமளித்த நிகழ்வு இது.

3. எடின்பரோ வழியாகச் சென்னைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் போக்குவரத்தின் திசை மாறியது. ரீடின் நூல்களைப் பதிப்பித்த வில்லியம் ஹாமில்டன் காண்ட்டையும் பயின்றவர். கிளாஸ்கோவில் எட்வர்ட் கெயர்ட் காண்ட், ஹெகல் ஆகியோரை ஒரு தலைமுறை மாணவர்களுக்குக் கற்பித்தார். ஆண்ட்ரூ செத் 1885இல் வெளியிட்ட 'ஸ்காட்லாந்து மெய்யியல்' என்னும் நூலின் துணைத்தலைப்பு, ஹியூமுக்கு ஸ்காட்லாந்தும் ஜெர்மனியும் அளித்த விடைகளின் ஒப்பீடு என்பதாகும். ரீடின் விடையிலும் நிலைத்த மதிப்புண்டு என்று அதில் அவர் வாதிட்டார். 1887இல் வெளிவந்த 'ஹெகலியமும் ஆளுமையும்' என்னும் நூலில், ஹெகலிய முழுமுதல் தனிமனித ஆளுமையை விழுங்கிவிடுகிறது என்று திறனாய்ந்தார்.

இறையியலிலும் இதே போக்குவரத்து நடந்தது. கோட்டிங்கன் பேராசிரியர் ஆல்பிரெக்ட் ரிட்ச்ல், சமயக்கூற்றுகள் மெய்ப்பொருளியல் முடிவுகளல்ல, மதிப்பீட்டுத் தீர்ப்புகள் என்று காண்ட்டின் வழிநின்று விளக்கினார். அவருடைய பெருநூலின் பகுதிகள் 1872இலும் 1900இலும் எடின்பரோவில் ஆங்கிலமாக்கி வெளியிடப்பட்டன. முன்பு ஸ்காட்லாந்து நூல்கள் ஜெர்மனிக்குள் நுழையத் துணைநின்ற பல்கலைக்கழகங்களுள் ஒன்றான கோட்டிங்கன், இப்போது ஸ்காட்லாந்துக்குக் கருத்துகளை அளித்தது.

சென்னையில் இதற்கான களம் முன்னரே அமைந்திருந்தது. ஜான் ஆண்டர்சன் 1837இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பள்ளி, 1862இல் வந்த வில்லியம் மில்லரின் தலைமையில் வளர்ந்து 1877இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. உடனடி மதமாற்றத்தைவிட, கருத்துகள் சமூகத்தில் படிப்படியாகப் பரவுவதையே கல்விப்பணியின் நோக்கமாக மில்லர் கொண்டார். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் கலைப்பட்டத்தின் மையமாக இருந்தது மெய்யியல். அங்குப் பயின்று வந்தோர் அதனை இங்கும் முதன்மைப்படுத்தினர். 1903இல் சென்னைக்கு வந்த ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் (1875–1954) அம்மரபினர். அவர் எடின்பரோவில் பயின்ற ஆண்டுகளில் அங்குத் தருக்கம், மெய்ப்பொருளியல் ஆகியவற்றின் பேராசிரியராக இருந்தவர் செத். ஹாக்கின் சிந்தனையில் செத், ரிட்ச்ல் ஆகிய இருவரின் தாக்கத்தையும் எரிக் ஷார்ப் எடுத்துக்காட்டியுள்ளார்.

4. ஹாக் எழுப்பிய வினா

ஹாக் வினைக்கொள்கை பற்றிக் கல்லூரி ஆங்கில இதழில் எழுதிய கட்டுரைகள் 1909இல் 'கருமமும் மீட்பும்' என்னும் நூலாயின. இந்து சமயத்திற்கு விளக்கமும் கிறித்தவத்திற்கு மறுகூற்றும் அளிக்கும் முயற்சி என்று அந்நூலின் துணைத்தலைப்பே அறிவிக்கிறது. வினைக்கொள்கையை அவர் மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. உலகில் நீதி உண்டு என்னும் ஆழ்ந்த அறவேட்கை அதில் உள்ளதை ஏற்றார். அவருடைய வினா வேறு. ஒவ்வொருவரும் தத்தம் வினைக்கு அளந்த பயனைத் துய்ப்பதே உலக ஒழுங்கு என்றால், அது நீதிமன்றக் கணக்கு. அறவொழுங்கு அந்தக் கணக்கோடு முடிவதா? ஒருவர் மற்றொருவரின் துன்பத்தைத் தாமே ஏற்கும் அன்புக்கு அக்கணக்கில் இடம் எங்கே?

இவ்வினாவின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் அதன் வழித்தடம் புலப்படும். ஒரு மெய்ப்பொருட் கொள்கையை அது அறவாழ்வுக்கு இடமளிக்கிறதா என்று சோதிப்பது காண்ட்டிடமிருந்து வந்த முறை. சமயக்கருத்தை அதன் அறமதிப்பைக் கொண்டு எடைபோடுவது ரிட்ச்லின் முறை. முழுமையின் பெயரால் தனியாள் மறைந்துவிடக் கூடாது என்னும் கவலை செத்தினுடையது. செத் ஹெகலிடம் கேட்ட கேள்விக்கும், சென்னையில் அத்துவைதத்தை நோக்கி எழுந்த கேள்விக்கும் இடையே உள்ள ஒற்றுமை தெளிவானது. ஆகவே மாணவர் எதிர்கொண்டது 'கிறித்தவத் தாக்குதல்' மட்டுமன்று. ஐரோப்பிய மெய்யியல் தனக்குள்ளேயே எழுப்பித் தீர்க்காது விட்ட வினாவும் அதனுள் அடங்கியிருந்தது.

5. இராதாகிருஷ்ணனின் விடை

இராதாகிருஷ்ணன் தம் ஆய்வேட்டிற்குச் சூட்டிய தலைப்பே அவர் வினாவைப் புரிந்துகொண்ட முறையைக் காட்டும். அறவியலுக்கு மெய்ப்பொருளியல் முற்கோள்கள் தேவை என்பது காண்ட்டுக்குப் பிந்தைய மெய்யியலின் மொழி. வேதாந்தம் அச்சோதனைக்கு உட்பட வேண்டியதில்லை என்று அவர் விலகவில்லை. அச்சோதனையில் வேதாந்தம் வெல்லும் என்று வாதிட்டார். மாயைக் கொள்கை உலகை வெறும் பொய்த்தோற்றமாக்குவதில்லை. உலகின் மெய்ம்மை சார்புடையது என்பதே அதன் பொருள் எனக் கொண்டார்.

இவ்வாதச் சூழலில் ஜெர்மன் குரல் இருபுறமும் ஒலித்தது என்பதும் கருதத்தக்கது. ஷோபன்ஹவரைப் பின்பற்றிய பால் டாய்சன் 1893இல் பம்பாயில் ஆற்றிய உரையில், அனைத்துயிரும் ஓர் ஆன்மாவே என்னும் வேதாந்த மெய்ப்பொருளே பிறரைத் தன்னைப்போல் நேசிப்பதற்குக் காரணம் தருகிறது என்று விளக்கியிருந்தார். வேதாந்தத்தை ஐயுறவும் அதற்கு ஆதரவாக வாதிடவும் ஜெர்மன் மெய்யியல் கருவிகளே அன்று இந்தியாவில் வழங்கின.

1909இல் மாநிலக் கல்லூரியில் பணியேற்ற இராதாகிருஷ்ணன், 1911இல் பன்னாட்டு அறவியல் இதழொன்றில் பகவத்கீதை அறவியலைக் காண்ட்டோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். பயன் கருதாக் கடமை என்னும் இடத்தில் இரண்டும் ஒன்றுபடுவதைக் காட்டியதோடு அவர் நிற்கவில்லை. காண்ட்டின் அறவியல் உணர்ச்சிகளை ஒடுக்கும் கடுமையுடையது. கீதையோ அவற்றை நெறிப்படுத்தக் கூறுகிறது என்று வேறுபடுத்தினார். சோதிக்கப்பட்ட நூல் இங்கே சோதிக்கும் நூலாகிறது. 1920இல் வெளிவந்த 'தற்கால மெய்யியலில் சமயத்தின் ஆட்சி' என்னும் நூலில் இத்திருப்பம் முழுமை பெறுகிறது. ஐரோப்பியச் சிந்தனையாளர் பலர் முழுமுதற்கொள்கையைக் கைவிட்டதற்குக் காரணம் தருக்கமன்று, அவர்களுடைய சமயச்சார்பே என்பது அந்நூலின் வாதம்.

ஆசிரியரைப் பொறுத்தவரை, தம் மாணவரின் ஆய்வேட்டை ஹாக் பாராட்டிச் சான்றளித்தார். ஹாக்கின் சிந்தனையும் அவ்விடத்தில் உறைந்துவிடவில்லை. 1938 டிசம்பரில் தாம்பரத்தில், கல்லூரியின் புதிய வளாகத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டையொட்டி ஹென்ரிக் கிரேமரோடு அவர் கருத்து மாறுபட்டார். கொள்கைத் தொகுதிகளாகிய சமயங்கள் வேறு, மனிதர் இறைவனைப் பற்றிநிற்கும் பற்றுறுதி வேறு. கிறித்தவரல்லாதாரிடமும் மெய்யான பற்றுறுதி உண்டு என்பது அவர் நிலைப்பாடு. முப்பத்தைந்து ஆண்டுகள் சென்னையில் கற்பித்தவர் இவ்வேறுபாட்டை வலியுறுத்தியதில் இம்மண்ணின் மாணவர்களோடும் நூல்களோடும் நிகழ்ந்த உரையாடலின் பங்கைக் காணலாம். ஏற்பு ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை.

6. மொழிபெயர்ப்பின்றி நிகழ்ந்த ஏற்பு

மேற்கண்டவற்றை ஜெர்மன் நிகழ்வோடு ஒப்பிடும்போது ஓர் அடிப்படை வேறுபாடு தெரிகிறது. ஜெர்மனியில் ஸ்காட்லாந்து மெய்யியல் ஜெர்மன் மொழிக்குள் வந்தபின்னரே வாதிடப்பட்டது. சென்னையில் ஹாக்கின் கட்டுரைகள், இராதாகிருஷ்ணனின் ஆய்வேடு, காண்ட் ஒப்பீடு யாவும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. மாணவர்கள் ஆங்கிலம் அறிந்திருந்ததால் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தேவைப்படாததால் வாதம் எவ்வளவு கூர்மையாக நடந்தபோதிலும் அதன் சொற்கள் தமிழிலோ, இராதாகிருஷ்ணனின் தாய்மொழியாகிய தெலுங்கிலோ படியவில்லை. அவர் உலகெங்கும் சென்றடைய ஆங்கிலம் துணைசெய்தது. அதே ஆங்கிலம் அவ்வாதத்தை அது நிகழ்ந்த நகரின் மொழிகளுக்கு வெளியே நிறுத்தியது.

தமிழில் அத்தகைய முயற்சிக்கு ஆற்றல் இல்லை என்று கொள்வதற்கில்லை. 1882 முதல் 1888 வரை வெளிவந்த 'தத்துவவிவேசினி' இதழில் சென்னை இலௌகிக சங்கத்தார் சார்லஸ் பிராட்லா முதலியோரின் நாத்திகக் கருத்துகளைத் தமிழ் வாசகர்க்கென எழுதினர். திருவனந்தபுரத்தில் மெய்யியல் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை, அறிவுத்துறைகளின் வகைப்பாட்டை விளக்கத் தமிழில் 'நூற்றொகை விளக்கம்' இயற்றினார். முன்னது கல்லூரிக்கு வெளியே நிகழ்ந்தது; பின்னது தனிமனித முயற்சி. கல்லூரிக்குள் மெய்யியல் கற்பித்த நிறுவனம் அவற்றோடு கைகோக்கும் தேவை எழவில்லை.

இழப்பின் தன்மையை ஒரு சொல்லைக் கொண்டு காட்டலாம். ஜெர்மன் மொழியில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்த அன்றாட நம்பிக்கையையும் சமய நம்பிக்கையையும் தமிழ் வேறுவிதமாகப் பகுக்கிறது. தமிழ்க் கிறித்தவ மரபில் சமயப் பற்றுறுதிக்கு 'விசுவாசம்' என்பதும், எதிர்காலம் நோக்கிய எதிர்பார்ப்புக்கு 'நம்பிக்கை' என்பதும் நிலைபெற்றன. பொதுவழக்கிலோ 'நம்பிக்கை' என்னும் ஒரு சொல் ஹியூம் கூறிய அன்றாட உறுதிப்பாட்டையும், இறைப்பற்றையும், எதிர்பார்ப்பையும், ஒருவர்மேல் மற்றவர் வைக்கும் பிடிப்பையும் ஒருங்கே சுட்டும். ஹாமானுக்கு ஜெர்மன் சொல் தந்த வாய்ப்பைவிட அகன்ற வாய்ப்பு இது. ஹியூமைத் தமிழில் பெயர்த்து வாதிட்டிருந்தால், ஹாக் பின்னாளில் வலியுறுத்திய கொள்கை – பற்றுறுதி வேறுபாடு தமிழில் புதிய கோணத்தில் எழுந்திருக்கக்கூடும். 'வினை' என்னும் சொல்லும் அத்தகையதே. செயலையும் செயலின் பயனாய்த் தொடரும் ஊழையும் அச்சொல் ஒருங்கே உணர்த்துகிறது. ஹாக்கின் நீதிமன்ற உவமையை அச்சொல்லின் துணையோடு சோதிக்கும் வாய்ப்பு ஆங்கில வகுப்பறையில் எழவில்லை.

முடிவுரை

ஸ்காட்லாந்து மெய்யியலின் பயணத்தில் கருத்துகள் எங்கும் மாறாமல் கைமாறவில்லை. கோனிக்ஸ்பெர்க்கில் ஹியூமுக்கு எழுந்த விடை எடின்பரோவில் வினாவாயிற்று. எடின்பரோவில் ஹெகலை நோக்கி எழுந்த வினா சென்னையில் வேதாந்தத்தை நோக்கித் திரும்பியது. அதற்கு 1908இல் இருபது வயது மாணவர் ஒருவர் அளித்த விடை, சில ஆண்டுகளில் காண்ட்டையே வினவும் நிலைக்கு வளர்ந்தது. ஆதலால் இராதாகிருஷ்ணனின் தொடக்ககால எழுத்துகளைத் தற்காப்பு என்றோ போலச்செய்தல் என்றோ குறுக்குவது பொருந்தாது. ஒரு நீண்ட விவாதத்தில் பிறரோடு சமநிலையில் நின்று பங்கேற்ற எழுத்துகள் அவை.

அதேவேளையில், ஒரு மொழியினர் புதிய மெய்யியலைப் படித்துவிடுவதாலேயே அது அம்மொழியின் சிந்தனையாகிவிடுவதில்லை என்பதையும் இவ்வொப்பீடு உணர்த்துகிறது. கார்வேயின் குறிப்புகளும் ஹாமானின் பெயர் சுட்டாத பக்கங்களும் இல்லாமல் ஜெர்மன் மெய்யியலின் அக்காலகட்டத்தை எண்ணிப்பார்க்க இயலாது. இன்று தமிழ்வழியில் மேலை மெய்யியலைக் கற்பிக்கும்போது கலைச்சொல் ஒன்றுக்கு இணைச்சொல் காண்பதோடு பணி முடிந்துவிடுவதாகக் கருதும் போக்கு உள்ளது. மூலத்தைப் பெயர்த்து, உடன் மறுத்துக் குறிப்பெழுதி, தமிழ்ச்சொல் அதனுள் நுழைக்கும் புதுப்பொருளைப் பின்தொடரும் பதிப்புகளே இப்போதைய தேவை. ஹாக்கின் 'கருமமும் மீட்பும்', இராதாகிருஷ்ணனின் 1908ஆம் ஆண்டு ஆய்வேடு ஆகிய இரண்டையும் அவ்வாறு ஒருங்கே பெயர்த்துப் பதிப்பிப்பது அப்பணிக்குத் தக்க தொடக்கமாக அமையும்.